நம் தெருவின் கணக்கை நாமே எழுதுவோம்

(சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் நமக்களித்த தலைப்பு, சமூக அறிவியல் துறையில் இளம் ஆய்வாளர்களுக்கு வழங்கப்படும் பரிசுகள் என்பதாகும். இதைக் கேள்வியுற்ற நண்பர் ஒருவர், "பட்டாசுக்குத் திரி வெட்டுகிற ஊரில் இதையெல்லாம் யார் கேட்பார்கள்?" என்று நகைத்தார். அவர் நகைத்ததில் தவறில்லை. மருத்துவர் என்றால் நமக்குத் தெரியும். பொறியாளர் என்றால் தெரியும். காவல் துறை, செவிலியர், ஆசிரியர் என்றால் தெரியும். சமூக அறிவியல் ஆய்வாளர் என்று ஒரு வேலை இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. எனவே அதிலிருந்தே தொடங்குவோம்.

சமூக அறிவியல் என்பது மனிதர் கூடி வாழும் வாழ்வை ஆராயும் கல்வி. பொருளியல், வரலாறு, சமூகவியல், மானிடவியல், அரசியல் ஆகியன அதன் கிளைகள். ஒரு வீட்டில் கூலி எவ்வளவு வருகிறது, கடன் எவ்வளவு போகிறது, எந்தப் பிள்ளை பள்ளியில் நிற்கிறது, எந்தப் பிள்ளை நின்றுவிடுகிறது, ஏன் நின்றது என்பனவெல்லாம் அதன் கேள்விகள். நம் வீட்டுத் திண்ணையில் அன்றாடம் பேசப்படும் செய்திகளே பல்கலைக்கழகத்தில் முறையாகக் கேட்கப்பட்டு, எண்ணப்பட்டு, எழுதப்படும்போது சமூக அறிவியல் ஆகின்றன.

பரிசுகளும் அவற்றின் பயனும்

முதுமையில் ஒருவருக்குப் பொன்னாடை போர்த்துவது எளிது. அவர் செய்து முடித்த பணி கண்முன் நிற்கிறது. இளம் வயதினருக்குப் பரிசளிப்பது அவ்வாறன்று. இளம் ஆய்வாளருக்கு நிலையான வேலை இல்லை. அவருடைய ஆய்வு முடியச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை வீட்டார், "இன்னும் என்ன படிப்பு?" என்று கேட்டுக்கொண்டிருப்பர். அந்த நேரத்தில் கிடைக்கும் பரிசு அவருக்குச் சிறிது காலத்தையும் சிறிது பெயரையும் தருகிறது. அவர் சொல்வதைக் கேட்க நாலு பேர் முன்வருகின்றனர்.

அமெரிக்கப் பொருளியல் சங்கம் 1947ஆம் ஆண்டிலிருந்து ஜான் பேட்ஸ் கிளார்க் என்னும் அறிஞர் பெயரால் ஒரு பதக்கம் வழங்கி வருகிறது. அந்நாட்டில் பணிபுரியும் நாற்பது வயதுக்குட்பட்ட பொருளியலாளர்க்கே அது உரியது. முதலில் அதைப் பெற்ற பால் சாமுவேல்சன் பின்னாளில் நோபல் பரிசும் பெற்றார். 2010இல் பெற்றவர் எஸ்தர் டூஃப்ளோ. இவர் நம் நாட்டு ஊராட்சிகளை ஆராய்ந்தவர். மேற்கு வங்கத்திலும் இராஜஸ்தானிலும் இடஒதுக்கீட்டால் பெண்கள் தலைவரான ஊர்களில் குடிநீருக்குக் கூடுதல் முதலீடு செய்யப்பட்டதை, இந்திய அறிஞர் ஒருவருடன் சேர்ந்து 2004இல் வெளியிட்ட ஆய்வில் எடுத்துக்காட்டினார். இடஒதுக்கீட்டால் யாருக்கு என்ன பயன் என்று கேட்போருக்கு நாம் கூட்டத்தில் குரல் உயர்த்திச் சொல்லும் விடையை அவர் கணக்கால் சொன்னார். 2019இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

2013இல் அதே பதக்கத்தைப் பெற்றவர் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ராஜ் செட்டி. ஒரு குழந்தை எந்தப் பகுதியில் வளர்கிறதோ அதைப் பொறுத்து அதன் பிற்கால வருமானம் மாறுபடுகிறது என்பதைப் பல்லாயிரம் குடும்பங்களின் கணக்கைக் கொண்டு காட்டியவர் இவர். எந்தத் தெருவில் பிறந்தோம் என்பது நம் தலையெழுத்தை எவ்வளவு தீர்மானிக்கிறது என்பதை நாம் அனுபவத்தால் அறிவோம். அதை உலகம் மறுக்க முடியாதபடி எண்களால் நிறுவுவதே ஆய்வாளர் செய்யும் வேலை.

நம் நாட்டிலும் இதற்கான அமைப்புகள் உள்ளன. 1969இல் இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம் டெல்லியில் தோன்றியது. 1971இல் மால்கம் ஆதிசேசையாவும் அவர்தம் துணைவியார் எலிசபெத்தும் சென்னையில் வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினர். பெங்களூரில் சமூக பொருளாதார மாற்ற ஆய்வு நிறுவனத்தை உருவாக்கிய பொருளியலறிஞர் வி.கே.ஆர்.வி. ராவ் பெயரால் இளம் சமூக அறிவியலாளர்க்குப் பரிசு ஏற்பட்டது. 2007இல் வரலாற்றுத் துறைக்கான அப்பரிசைப் பெற்றவர் நம் தமிழ்நாட்டு ஆய்வாளர் ஆ.இரா. வேங்கடாசலபதி. 2009இலிருந்து இன்ஃபோசிஸ் அறிவியல் அறக்கட்டளை சமூக அறிவியலுக்கும் பரிசு வழங்கத் தொடங்கிற்று. 2024இல் அப்பரிசுக்குரிய வயது வரம்பை நாற்பதாகக் குறைத்து, இளையோர்க்கே உரியதாக்கினர்.

இப்பட்டியல்களை நாம் ஆவலோடு புரட்டிப் பார்ப்பதுண்டு. நம் வட்டாரத்துத் தெரு ஒன்றில் பிறந்த பிள்ளையின் பெயரை அவற்றில் இதுவரை நாம் கண்டதில்லை. அக்குறையைச் சொல்லவே இங்கு வந்தோம். அதற்கு நாமும் ஒரு காரணம் என்பதையும் சற்று நேரத்தில் சொல்லுவோம்.

இருபத்தைந்து வயதில் அண்ணல்

இளம் ஆய்வாளர் என்ற சொல்லுக்கு நமக்கு வேறு எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. 1913இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட், அண்ணல் அம்பேத்கருக்குத் திங்கள்தோறும் பதினொன்றரைப் பவுன் வீதம் மூன்றாண்டுகளுக்கு உதவித்தொகை அளித்தார். அத்தொகையைக் கொண்டு நியூயார்க்கிலுள்ள கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் அண்ணல் பயின்றார். 1915இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். 1916 மே 9ஆம் நாள், மானிடவியல் கருத்தரங்கு ஒன்றில் இந்தியச் சாதிகளின் தோற்றம் குறித்து ஓர் ஆய்வுரை படித்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. சாதியின் உயிர்நாடி அகமணமே என்று அன்று அவர் நாட்டிய கருத்து நூறாண்டுகளைக் கடந்தும் ஆராய்ச்சி உலகில் பேசப்படுகிறது.

இதற்குப் பின் நடந்ததையும் இளைஞர்கள் மறக்கலாகாது. உதவித்தொகைக் காலம் முடிந்தமையால் 1917இல் இலண்டன் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு அவர் திரும்ப நேர்ந்தது. பரோடாவில் பணியேற்கச் சென்றபோது, அத்துணைப் பெரிய படிப்புப் படித்தவருக்குத் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. தங்கியிருந்த விடுதியிலிருந்தும் வெளியேற்றப்பட்டார். பிறகு பம்பாயில் பேராசிரியராகப் பணியாற்றிச் சேர்த்த பணம், கோலாப்பூர் சாகு மன்னரின் உதவி, நண்பர் ஒருவர் தந்த கடன் ஆகியவற்றைக் கொண்டு 1920இல் மீண்டும் இலண்டன் சென்றார். 1923இல் ரூபாயின் சிக்கல் பற்றிய ஆய்வுக்கு டி.எஸ்.சி. பட்டம் பெற்றார். கொலம்பியா அவருக்குச் சிறப்பு டாக்டர் பட்டம் அளித்தது 1952இல்! மாலையும் பட்டமும் பின்னால் வந்தன. வேண்டிய நேரத்தில் வந்தது அந்தப் பதினொன்றரைப் பவுன். பரிசுகளைப் பற்றிச் சிந்திக்கும் எவரும் முதலில் நினைவில் கொள்ளவேண்டியது இதுவே.

நம்மை எழுதியவர்கள்

நம் மாவட்டத்திற்கு வருவோம். 1969இல் இராபர்ட் ஹார்ட்கிரேவ் என்ற அமெரிக்க இளம் அறிஞர் தமிழ்நாட்டு நாடார் சமுதாயத்தைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஒடுக்கப்பட்டிருந்த ஒரு சமுதாயம் மகமை சேர்த்து, சங்கம் வைத்து, பள்ளிகள் கட்டி உயர்ந்த கதை அதில் உள்ளது. விருதுநகரில் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலைக்கு வீடுதோறும் பிடி அரிசி எடுத்துவைத்தார்கள் என்பதை இவ்வூர்ப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். பெருந்தலைவர் காமராசர் பயின்ற பள்ளி அது. அவர்கள் வரலாறு நூலாயிற்று. நூலானதால் அது உலகுக்குத் தெரிந்தது. நல்ல செய்தியை யாரிடமிருந்தும் கற்கலாம். இதில் நாணம் வேண்டுவதில்லை.

நம்மைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள். 1983 சூலையில் எகனாமிக் அண்டு பொலிடிகல் வீக்லி என்னும் ஏட்டில் ஸ்மித்து கோத்தாரி என்ற முப்பது வயதைச் சற்றே கடந்த ஆய்வாளர் சிவகாசித் தீப்பெட்டித் தொழிலில் குழந்தை உழைப்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தீக்குச்சிகளின்மேல் இரத்தம் படிந்திருக்கிறது என்பது அதன் தலைப்பின் பொருள். அக்கட்டுரை வெளியானபோது நாம் பள்ளிச் சிறுவர். விடியுமுன்பே தீப்பெட்டி ஆபீசு வண்டி ஊர் முனையில் நின்று ஒலி எழுப்பும். நம்மோடு திண்ணையில் விளையாடிய பிள்ளைகள் தூக்கம் கலையாமல் தூக்குவாளியோடு அதில் ஏறுவார்கள். நாமும் விடுமுறை நாள்களில் வீட்டில் அமர்ந்து பெட்டி ஒட்டியவரே. ஒரு குரோசு என்றால் நூற்று நாற்பத்து நான்கு என்னும் கணக்கை நாம் பள்ளியில் கற்கவில்லை, பசைக் கிண்ணத்தின் அருகில் கற்றோம். பிற்காலத்தில் பி.எட். படிக்கும்போது நூலகத்தில் அக்கட்டுரையைக் கண்டோம். ஆங்கில அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தோம். நம் தெருவை யாரோ வந்து பார்த்துச் சென்றிருக்கிறார், அதைப் பற்றி நாடு படித்திருக்கிறது, நமக்கு மட்டும் தெரியாமற் போயிற்று என்பதை எண்ணி அன்று நெடுநேரம் அங்கேயே அமர்ந்திருந்தோம்.

ஒரு கட்டுரையே சட்டத்தைக் கொண்டுவந்துவிடும் என்று நாம் கூறவில்லை. போராடியவர் பலர், வழக்காடியவர் பலர். ஆயினும் அத்தகைய எழுத்துக்கள் திரண்டு நின்ற காலத்தில்தான் 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1988இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் வந்தது. 1996 டிசம்பரில், சிவகாசி வழக்கில் உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறிப் பணியமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி இருபதாயிரம் ரூபாய் செலுத்தவேண்டும் என்று தீர்ப்பளித்தது. இன்று நம் பள்ளி வருகைப் பதிவேட்டில் இருக்கும் பெயர்களைப் பார்க்கும்போது, அவற்றுள் சில அன்று அந்த வண்டியில் ஏறியிருக்கும் என்று எண்ணுவோம்.

நாம் இழைத்த தவறு

இனிச் சொல்லப்போவது நம்மைப் பற்றியது. சொல்லக் கூசுகிறது. ஆயினும் சொல்லாவிடில் இவ்வுரைக்குப் பொருளில்லை.

2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை விபத்து நேர்ந்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்று ஆசிரியர் நாள். பள்ளியில் மாணவர்கள் தந்த பூங்கொத்து மேசைமேல் இருக்கையில் செய்தி வந்தது. அடுத்த ஆண்டு நம் பழைய மாணவர் ஒருவர் நம்மைத் தேடி வந்தார். அரசுக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு முடித்திருந்தார். கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. தம் ஊரிலும் பக்கத்து இரண்டு ஊர்களிலும், பட்டாசு விபத்தில் ஆளை இழந்த வீடுகளுக்கெல்லாம் நடந்து சென்று கேட்டு எழுதியிருந்தார். எத்தனை பேர் இறந்தனர் என்பது செய்தித்தாளில் வரும். அதற்குப்பின் அவ்வீட்டில் என்ன நடந்தது என்பதை அவர் எழுதியிருந்தார். எந்த வீட்டில் மூத்த பெண் பள்ளியை விட்டாள், எந்த வீட்டில் வாங்கிய முன்பணத்தைக் கழிக்கத் தாயே அதே வேலைக்குப் போனாள், இழப்பீடு எத்தனை மாதம் கழித்து வந்தது, அதில் எவ்வளவு கடன்காரர் கைக்குப் போயிற்று என்று கட்டம் போட்டு நிரப்பியிருந்தார்.

"சார், இதை வைத்து மேலே படிக்க ஏதாவது படிப்பு இருக்கிறதா?" என்று கேட்டார்.

நாம் என்ன சொல்லியிருக்க வேண்டும்? எம்.ஏ. சமூகவியல் இருக்கிறது, அதன்பின் ஆராய்ச்சிப் படிப்பு இருக்கிறது, அதற்கு அரசு உதவித்தொகை இருக்கிறது என்று சொல்லியிருக்க வேண்டும். நமக்கு அவை முழுமையாகத் தெரியாது. தெரியாததை ஒப்புக்கொள்ளவும் மனம் வரவில்லை. "தம்பி, இதெல்லாம் பணமிருக்கிறவன் செய்கிற வேலை. முதலில் குரூப் நான்கு எழுது. வீட்டைப் பார்" என்றோம். அவர் மறுத்துப் பேசவில்லை. "நோட்டு உங்களிடமே இருக்கட்டும் சார்" என்று வைத்துவிட்டுப் போனார். தேர்வு எழுதினார், வென்றார், இன்று ஓர் அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். தங்கைக்குத் திருமணம் செய்துவைத்தார். அதுவும் பெருமைக்குரியதே. அதைக் குறைத்துப் பேச நாம் வரவில்லை.

சென்ற தீபாவளியன்று தெருவில் கண்டபோது, "சார், அந்த நோட்டு இருக்கிறதா? என் மகளுக்குக் காட்டலாம் என்று பார்த்தேன்" என்றார். நம்மிடம் இல்லை. பள்ளி மாறுதலின்போது பழைய விடைத்தாள்களோடு எடைக்குப் போயிற்று. அந்த வீடுகளில் அன்று பேசிய மூதாட்டியர் சிலர் இன்று உயிரோடில்லை. இனி ஒருவர் சென்று கேட்டாலும் அவர்கள் சொன்னது திரும்ப வராது. எந்தப் பரிசுக் குழுவும் அவரைப் புறக்கணிக்கவில்லை. அவரை அக்குழுவின் வாசல்வரை செல்லவிடாமல் நிறுத்தியவர் அவருடைய ஆசிரியர்.

உள்ள வழிகளும் உள்ள தடைகளும்

ஆகவே அன்று சொல்லத் தவறியதை இன்று சொல்லுகிறோம். இளைஞர்கள் குறித்துக்கொள்ளுங்கள். தாழ்த்தப்பட்டோருக்கெனத் தேசிய ஆராய்ச்சி உதவித்தொகை ஒன்று இராஜீவ் காந்தி பெயரில் 2005–06இல் தொடங்கப்பட்டு, இன்று வேறு பெயரில் தொடர்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் நெட் தேர்வை எழுதித் தகுதி பெறவேண்டும். 2023 சனவரியிலிருந்து இளநிலை ஆய்வாளருக்கு மாதம் 37,000 ரூபாய் என்றும், முதுநிலைக்கு 42,000 ரூபாய் என்றும் தொகை உயர்த்தப்பட்டது. குரூப் நான்கு ஊதியத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆராய்ச்சி பணமிருக்கிறவன் வேலை என்று நாம் சொன்னது எவ்வளவு அறியாமை என்பது விளங்கும். அயல்நாட்டில் பயில நடுவண் அரசின் உதவித்தொகை 1954–55 முதல் உள்ளது. தமிழ்நாடு அரசும் அண்ணல் அம்பேத்கர் பெயரால் அயல்நாட்டு உயர்கல்வி உதவித்தொகை அளிக்கிறது.

தடைகளையும் மறைக்கலாகாது. 2022இல் நடுவண் அரசின் அயல்நாட்டு உதவித்தொகைக்கு வெளியிட்ட விதிகளில், இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுத் தலைப்புகளுக்கு அத்தொகை இல்லை என்று விலக்கப்பட்டது. 1916இல் அண்ணல் எடுத்துக்கொண்ட தலைப்பு எது என்பதை எண்ணிப் பாருங்கள். அன்று பரோடா மன்னர் இப்படியொரு விதி வைத்திருந்தால் நமக்கு என்ன எஞ்சியிருக்கும்?

மற்றொரு தடை, கிடைத்த தொகையும் காலத்தில் வந்து சேராமை. 2016 சனவரி 17ஆம் நாள் ஐதராபாத்தில் உயிர் நீத்த ஆராய்ச்சி மாணவர் ரோகித் வெமுலா, தமக்கு ஏழு மாத உதவித்தொகை வரவேண்டியுள்ளது, அதைத் தம் குடும்பத்திற்குச் சேர்ப்பியுங்கள் என்று கடைசிக் கடிதத்தில் எழுதியிருந்தார். அந்நிகழ்ச்சி பற்றிய வாதங்களுள் புகுவது இன்றைய நம் நோக்கமன்று. தனித்துவிடப்பட்ட ஒரு பிள்ளைக்கு அருகில் நிற்க ஒரு சங்கம் வேண்டும் என்பதை மட்டும் சொல்லுகிறோம். இளைஞர்களே, எத்துன்பம் வரினும் அதைத் தனியே சுமக்காதீர்கள். இச்சங்கத்தின் கதவைத் தட்டுங்கள்.

நம்பிக்கையும் உண்டு. புணே நகரின் ஏரவாடாக் குடிசைப் பகுதியில் ஒற்றை அறை வீட்டில் வளர்ந்த சைலஜா பாயிக், தலித் பெண்களின் கல்வி வரலாற்றை எழுதினார். 2014இல் அது நூலாயிற்று. 2024இல் அமெரிக்காவின் மெக்ஆர்தர் நிதியம் அவரைத் தேர்ந்தெடுத்து எட்டு இலட்சம் டாலர் வழங்கிற்று. தம் தாய்மாரின் வாழ்வை எழுதியவருக்கு வந்த சிறப்பு அது.

மூன்று வேண்டுகோள்கள்

சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைத்து உரையை முடிக்கிறோம்.

முதலாவது, பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் முதல் மதிப்பெண் பெறுவோர்க்கு ஆண்டுதோறும் பரிசளிக்கிறோம். அது தொடரட்டும். அதனோடு இரண்டாண்டுக்கு ஒருமுறை ஓர் இளம் ஆய்வாளர் பரிசையும் ஏற்படுத்துவோம். மதிப்பெண் கேட்கவேண்டா. நம் வட்டாரத்து வாழ்வை நேரிற்சென்று ஆராய்ந்து எழுதியவர்க்கு அது உரியதாகட்டும். 2018இல் சரவெடிக்கும் பேரியம் உப்புக்கும் உச்ச நீதிமன்றம் தடை விதித்தபின் சரம் பின்னியவர் குடும்பங்கள் என்னவாயின? மழைக்காலத்தில் வேலையற்ற நாள்கள் எத்தனை? ஆராய்வதற்குப் பொருள் தேடி நம் பிள்ளைகள் தொலைவு போகவேண்டியதில்லை. பரிசு பெறுவோர்க்கு ஒரே நிபந்தனை: யாரைப் பற்றி எழுதினாரோ அவர்கள் முன்னிலையில், இம்மண்டபத்தில், தமிழில் அதைப் படித்துக் காட்டவேண்டும். நம்மைப் பற்றி எழுதப்பட்டதை நாமே அறியாதிருந்த காலம் முடியட்டும்.

இரண்டாவது, அரசு உதவித்தொகை தாமதமாகும் மாதங்களில் ஆய்வு மாணவர்க்கு வட்டியில்லாக் கைமாற்றாகத் தர ஒரு சிறு நிதி வேண்டும். தொகை வந்ததும் அவர் திருப்பிச் செலுத்துவார். அடுத்தவர்க்கு அது பயன்படும்.

மூன்றாவது, சங்கக் கட்டடத்தில் பூட்டுள்ள ஓர் இரும்பு அலமாரி வேண்டும். கூலிச் சீட்டு, விபத்துச் செய்தி, இழப்பீட்டு ஆணை, பழைய புகைப்படம், பாட்டியர் சொன்ன கதை எழுதிய தாள் எதுவாயினும் அதில் சேரட்டும். இனி நம் பிள்ளைகளின் எந்த நோட்டும் எடைக்குப் போகலாகாது.

வீட்டுக்குப் பிடி அரிசி வைத்துப் பள்ளி கட்டியவர்கள் வாழ்ந்த மாவட்டம் இது. நம் சங்கமும் அப்படித்தான் வளர்ந்தது. இம்மூன்றுக்கும் முதற் பிடியாக நம் ஒரு மாத ஊதியத்தை இம்மேடையிலேயே தலைவர் அவர்களிடம் ஒப்படைக்கிறோம். இதை நன்கொடை என்று வரவில் எழுதவேண்டா. ஒரு நாற்பது பக்க நோட்டுக்கு நாம் பட்ட கடனில் முதல் தவணை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த மாணவர் இன்று இக்கூட்டத்தில் தம் மகளோடு அமர்ந்திருக்கிறார். அவர் பெயரைச் சொல்ல நமக்கு உரிமையில்லை. மறுபடியும் அந்த வீடுகளுக்குச் செல்வதாக இருந்தால் விடுமுறை நாள்களில் உடன்வந்து எழுதிக்கொடுக்க நாம் அணியமாயிருக்கிறோம் என்பதை மட்டும் எல்லோர் முன்னிலையிலும் சொல்லி அமைகிறோம்.